மூக்குதான் நம்ம ஊர் அலாரமா?

பி.காம். படிக்கிறவனுக்கு கேஸ் சென்சாரைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள். ஏற்கெனவே ஒரு வகுப்பே சிரித்துவிட்டது. கல்லூரியில் வேலைவாய்ப்பு பற்றிப் பேச வந்தவரிடம், "சென்சார் தயாரிக்கிற துறையில எங்களுக்கு வேலை உண்டா சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் இஞ்சினியருங்க சமாச்சாரம்பா. நீ டேலி கத்துக்கோ, பேங்க் எக்ஸாம் எழுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சுண்ணாம்புக்குளத்துக்காரன். எங்கள் பழவேற்காடு ஏரிக்குத் தெற்கே எண்ணூர். அங்கே 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். எண்ணூரில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி சொன்னது இதுதான்: "கண்ணு எரிஞ்சுதுடா. அப்புறம்தான் ஏதோ லீக்குன்னே தெரிஞ்சுது."

காற்றில் அம்மோனியா ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம். தொழிற்சாலை வாசலில் 2,090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது. சரி, அந்த எண் ஊருக்கு எப்போது தெரிந்தது? எல்லோரும் ஓடி முடித்த பிறகு!

இந்தக் கருவி ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஜப்பானில் வீடுகளில் கேஸ் கசிந்து வெடித்ததைப் பார்த்து, நவோயோஷி தகுச்சி என்பவர் 1962-லேயே வெள்ளீய ஆக்சைடில் சென்சார் கண்டுபிடித்தார். சூடான அந்த ஆக்சைடில் கேஸ் பட்டால் மின்தடை குறையும், அலாரம் அடிக்கும். அவ்வளவுதான். இன்று சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கே இந்த வகை சென்சார் கிடைக்கிறது.

அப்படியானால் வாங்கி மாட்டிவிடலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். இந்த மலிவு சென்சாருக்கு அம்மோனியாவும் புகையும் சாராய ஆவியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈரக்காற்று பட்டாலே தடுமாறும். எங்கள் ஊரில் கருவாடு காயப்போட்டாலே அலறும். நாலு தடவை சும்மா கத்தினால் ஐந்தாம் தடவை யார் எழுந்து ஓடுவார்கள்? எதில் அடைப்பது, கரண்ட் போனால் என்ன செய்வது, வருஷா வருஷம் யார் சரிபார்ப்பது, காசு யார் கொடுப்பது? இதையெல்லாம் யோசிப்பதற்குத்தான் புராடக்ட் மேனேஜ்மென்ட் என்று பெயர். இதில் பாதி காமர்ஸ் கணக்கு சார்!

இன்று கருவியை வாங்குவது தொழிற்சாலை. அதனால் அது தொழிற்சாலைக்கு மட்டும் சேதி சொல்கிறது. காசு கொடுப்பவன்தான் வாடிக்கையாளன் என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்லும். அந்தக் காற்றை மூச்சில் இழுப்பவன் யார்? அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் வருட விதிகளே, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளி ஆட்களுக்குத் தகவல் சொல்லவேண்டும் என்கின்றன. எங்கள் தாலுகாவிலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. அதனால் நான் சொல்கிறேன்: செலவு ஆலையுடையது, கருவி குப்பத்துடையது. சைரன் ஊர்ப் பஞ்சாயத்தில் அடிக்கட்டும், சாவி மீனவர் கையில் இருக்கட்டும்.

அந்தக் கருவியைச் செய்கிற கூட்டத்தில் இஞ்சினியர் பக்கத்தில் கருவாட்டு வாசம் தெரிந்த ஒருவனும் உட்காரவேண்டும். அது என் வேலை. டேலியும் கத்துக்கிறேன் சார், விலை போட உதவும்!