பூவே சான்று

தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்குச் செல்வோர் பலரும் நகருக்கு அண்மையில் பள்ளிமுனையில் நிற்கும் பெரிய பெருக்கமரத்தை அறிவர். அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்ததாகக் கூறப்படும் இம்மரத்துக்கு ஆனைப்புளி, பப்பரப்புளி என்னும் பெயர்களும் உண்டு. பெயரை மட்டும் கேட்போர் இதனைப் புளியமரத்தின் இனமெனக் கருதக்கூடும். அது தவறாகும். தாவரத்தின் இனத்தைத் துணிவதற்குப் பெயரையும் இலையையும் விடப் பூவின் உறுப்புக்களே தக்க சான்றாம்.

பூவில் வெளியிலிருந்து உள்நோக்கிப் புல்லி, அல்லி, கேசரம், சூலகம் என்னும் நான்கு உறுப்புக்கள் முறையே அமைந்துள்ளன. புளியம்பூவில் மகரந்தந் தரும் கேசரங்கள் மூன்றே. மாலையில் மலர்ந்து மறுநாள் வாடும் பெருக்கமரத்தின் வெண்பூவிலோ எண்ணிறந்த கேசரங்கள் அடியில் ஒன்றாய் இணைந்து குழாய்போல் நிற்கும். செவ்வரத்தை, பூவரசு, வெண்டி, பருத்தி ஆகியவற்றின் பூக்களிலும் கேசரங்கள் இவ்வாறே குழாயாக இணைந்துள்ளன. பூவரசின் இலை இதய வடிவினது. வெண்டியிலை மடல்களாகப் பிளவுற்றது. பெருக்கமரத்தின் இலையோ கைவிரல்கள் போல் விரிந்த கூட்டிலை. இலை மறைக்கும் உறவைப் பூ வெளிப்படுத்துகின்றது.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிற் பூக்குந் தாவரங்களைப் பெரும்பாலும் கேசரங்களின் எண்ணிக்கை, இணைவு ஆகியவற்றைக் கொண்டே வகுத்தார். பின்வந்தோர் பெருக்கமரத்தை இலவோடு சேர்த்துத் தனிக் குடும்பமாக வைத்தனர். மரபணு ஆராய்ச்சியைத் தழுவி 1998இல் வெளியான வகைப்பாடு அவற்றைப் பருத்தியின் குடும்பத்திலேயே சேர்த்தது. பூ முன்னரே காட்டிய உறவு இவ்வாறு உறுதியாயிற்று.

பயிர்செய்வோருக்கு இவ்வறிவால் யாது பயன் என வினவுவோர் உளர். பயன் பெரிது. பருத்தியைத் தாக்கும் செந்நிறப் பூச்சி வெண்டியிலும், இலவிலும், வேலியோரத்துத் துத்தியிலும் வாழவல்லது. துத்தியின் மஞ்சட் பூவைப் பிளந்து, அதன் கேசரக் குழாயைக் கண்டவர் அக்களையை வெண்டித் தோட்டத்தின் அருகே வளரவிடார். வெண்டி எடுத்த நிலத்தில் அடுத்துப் பருத்தியை இடுவதும் நன்றன்று என்பதை அவர் தாமே உணர்வர்.

இதனைக் கற்பிக்கப் பொருட்செலவு வேண்டியதில்லை. முற்றத்துச் செவ்வரத்தைப் பூவும் ஒரு சிறு அலகும் போதும். பாடசாலைகளிற் பூவின் உறுப்புக்களைப் படத்தில் எழுதி மனனஞ் செய்விப்பதோடு நின்றுவிடாது, மாணவர் பூவைத் தம் கையாற் பிரித்து எண்ணிப் பழகுதல் வேண்டும். அவ்வாறு பழகியவர், பெயரறியாச் செடியொன்று தோட்டத்தில் முளைத்துப் பூக்கும்போது, அதன் இனத்தை உணர்ந்து தக்கது செய்வர்.