ஏரி நம்மளுது, கடல் நம்மளுது... ஹாஸ்டல் சோறு மட்டும் எந்த ஊரு?



ஜிஎஸ்டி ரோட்டுலயோ ஓஎம்ஆர்லயோ ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சிருந்தா, இந்தப் பதிவு உங்களுக்குச் சட்டுனு புரியும். நானும் நாலு வருஷம் மெஸ் சோறு சாப்பிட்டு இன்ஜினியரிங் முடிச்சவன்தான். காலேஜ் பேரு வேணாம். ஜன்னலைத் திறந்தா நெல் வயல். தட்டுல எந்த ஊர்னே தெரியாத சோறு, வாரத்துல அஞ்சு நாள் உருளைக்கிழங்கு. கேட்டா, "காண்ட்ராக்டர் மொத்தமா எடுத்துட்டு வர்றாரு தம்பி"ன்னு சொல்வாங்க.

நம்ம மாவட்டத்துல என்ன இல்லை? மதுராந்தகம் ஏரி இருக்கு. சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு பட்டமும் நெல் போடுறோம். 'செங்கல்பட்டு சிறுமணி'ன்னு ஊர் பேர்லயே ஒரு பாரம்பரிய நெல் ரகம் இருக்கு. கோடையில ரோட்டோரம் தர்பூசணி குவிஞ்சு கிடக்கு. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரையில நெத்திலியும் சங்கராவும் இறங்குது. இத்தனையும் பல ஆயிரம் பிள்ளைங்க தினமும் மூணு வேளை சாப்பிடுற இடத்தைத் தாண்டித்தான் சென்னைக்குப் போகுது.

ஏன் உள்ள வரலை? தரம் காரணம் இல்லை, பணம் கொடுக்கிற முறைதான் காரணம். குறைஞ்ச விலை கேட்கிறவருக்கு டெண்டர், பில் பாஸாக மாசக்கணக்கு. காண்ட்ராக்டர் தாங்குவாரு. அன்னிக்கு வலையில விழுந்ததை அன்னிக்கே வித்தாத்தான் அடுத்த நாள் படகுக்கு எண்ணெய் போட முடியும்ங்கிற மீனவர் எப்படித் தாங்குவாரு?

அரசு விடுதியில தங்குற கல்லூரி மாணவருக்கு உணவுப்படி 2023-ல் மாசம் 1,100 ரூபாயில இருந்து 1,500 ஆச்சு. நாளுக்கு 50 ரூபாய், மூணு வேளைக்கு. "இந்தக் காசுல உள்ளூர் சாப்பாடா?"ன்னு சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அந்த 50 ரூபாயிலயும் லாரி வாடகையும் தரகும் போகுதே, அதை மிச்சம் பண்ணலாமே!

பிரேசில் 2009-லயே சட்டம் போட்டுச்சு: பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கிற பணத்துல குறைஞ்சது 30 சதவீதம், சிறு குடும்ப விவசாயிங்க விளைவிச்சதை வாங்கத்தான் செலவாகணும். விலை உள்ளூர் சந்தை விலைக்கு ஒத்திருந்தா, வழக்கமான டெண்டரே தேவையில்லை. 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவுன்னு நாட்டுக்கே வழிகாட்டின தமிழ்நாட்டால இது முடியாதா?

எல்லாமே உள்ளூர்ல கிடைக்காது, ஒத்துக்கறேன். பருப்பும் கோதுமையும் வெளியில இருந்துதான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. அதனால அரிசி, கீரை-காய், வாரம் ஒருநாள் மீன், இந்த மூணுல ஆரம்பிப்போம்.

நாம கேட்க வேண்டியது:

👉 மாவட்டத்துல உள்ள அரசு விடுதிகளோட உணவுச் செலவுல 30 சதவீதம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் குழு, மீனவர் கூட்டுறவு சங்கம் மூலமா நேரடிக் கொள்முதல்.

👉 சரக்கு இறங்கி ஏழு நாளுக்குள்ள பணம்.

👉 எதை, யார்கிட்ட, என்ன விலைக்கு வாங்கினாங்கன்னு மெஸ் நோட்டீஸ் போர்டுல எழுதணும். தனியார் கல்லூரியிலயும்தான்.

வயலை வித்துட்டு பிளாட் போடுறாங்களேன்னு வருத்தப்படுறோம். விளைஞ்சதை வாங்க பக்கத்துலயே ஒரு நிரந்தர வாடிக்கையாளர் இருந்தா, அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒரு விவசாயிக்காவது தோணாதா?

ஹாஸ்டல்ல இருக்கிற தம்பி, தங்கைங்க இன்னைக்கு ராத்திரியே மெஸ்ல ஒரு கேள்வி கேளுங்க: "இந்த அரிசி எந்த ஊரு?" வந்த பதிலை கமெண்ட்ல போடுங்க. தொகுத்து எடுத்துட்டுப் போய் அதிகாரிங்க முன்னாடி வைப்போம்.

#நம்மஊர்_விளைச்சல்_நம்மபிள்ளை_தட்டுல