வரைபடத்தில் இல்லாத சேரி

பெட்ரோல் பங்க் ஒன்றின் மனை வரைபடத்தைப் படிப்பதெல்லாம் இயக்க வேலையா என்று கேட்கிற இளம் தோழர்களுக்காக இதை எழுதுகிறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவிடந்தையைத் தாண்டிய ஓர் ஊரில் பெட்ரோல் பங்க்கும் அதோடு ஒட்டி ஒரு கடையும் வரப்போகிறது. அதன் வரைபட நகல் எங்கள் கைக்கு வந்தது. நிலத்தடித் தொட்டிகள், பம்ப், வென்ட் பைப், கடை, கழிப்பறை, வண்டி உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி என எல்லாமே அளவோடு இருந்தன. கிழக்கே சாலை. மேற்கே "காலி மனை". அந்தக் காலி மனைக்கு நாங்கள் நடந்தே போனோம். அங்கே காலனி இருக்கிறது. பெண்கள் அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை வரைந்தவரின் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. புதிய பங்க்கின் பம்ப், வென்ட் பைப், எண்ணெய் இறக்கும் இடம் ஆகியவற்றில் எது அருகில் இருக்கிறதோ, அதிலிருந்து 50 மீட்டருக்குள் பள்ளியோ, 10 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள மருத்துவமனையோ, குடியிருப்போ இருக்கக் கூடாது. இட நெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும். அப்போதும் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

நல்ல விதிதான். ஆனால் அது சொல்வது "உள்ளூர்ச் சட்டப்படி வகைப்படுத்தப்பட்ட" குடியிருப்பு. ஊர் நத்தத்தில் இருக்கிறது, பதிவேட்டிலும் இருக்கிறது. பல சேரிகளோ புறம்போக்கில், பட்டா இல்லாமல், தலைமுறை தலைமுறையாக மனு கொடுத்துக்கொண்டு நிற்கின்றன. பட்டா கொடுக்காதது அரசு. பட்டா இல்லாததால் அது குடியிருப்பே இல்லை என்று சொல்லவும் இப்போது வழி திறந்திருக்கிறது. ஊருக்கு 50 மீட்டர், சேரிக்குச் சைபர்! தீண்டாமைக்கும் ஒரு தூரக் கணக்கு உண்டு என்று நமக்குத் தெரியும். இங்கே அந்தக் கணக்கு தலைகீழாகிறது. நம்மைத் தள்ளி வைத்தவர்கள் ஆபத்தை மட்டும் நம் பக்கத்தில் வைக்கிறார்கள்.

2018 ஏப்ரலில் இதே திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. பீரங்கிகளை நிறுத்த இடம் கண்டுபிடிக்கத் தெரிந்த அரசுக்கு, ஒரு குடும்பம் படுக்க இரண்டு சென்ட் அளந்து கொடுக்கத் தெரியாதா?

தூரம் வெறும் சம்பிரதாயம் இல்லை. டேங்கர் லாரி எண்ணெய் இறக்கும்போது ஆவி வெளியே வருகிறது. அதில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது உலக அளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. கடலோர மணலில் தொட்டி கசிந்தால், முதலில் கெடுவது பக்கத்துக் கிணறும் அடிபம்பும்தான்.

அடுத்த கேள்வி, இது யாருடைய நிலம்? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. அந்த நிலத்தை முதல் 10 ஆண்டுகள் விற்கவே கூடாது. பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில்தான், 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸையும் ஏழுமலையையும் பலி கொடுத்தோம். இந்த மண்ணில் சர்வே எண் என்பது வெறும் எண் இல்லை.

"பங்க் வந்தால் வேலை வருமே, வளர்ச்சியை ஏன் தடுக்கிறீர்கள்?" என்பார்கள். பங்க் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் பைக் ஓட்டுகிறார்கள். வெயிலில் நின்று பெட்ரோல் போடும் வேலை நமக்கு, கல்லாப்பெட்டி அவர்களுக்கு என்பதைத்தான் வளர்ச்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். டீலர் தேர்வில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 22.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் நம் ஆள் பெயருக்கு மட்டும் முதலாளியாக இருக்கிறாரா, உண்மையிலேயே நடத்துகிறாரா என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் இப்படி ஒரு வரைபடம் வந்தால் செய்ய வேண்டியவை இவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். டேப் எடுத்துப் போய் வென்ட் பைப் வரும் இடத்திலிருந்து முதல் குடிசைச் சுவர் வரை அளந்து, தேதியோடு படம் எடுங்கள். புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். இன்றைய பதிவேட்டோடு நிற்காமல் பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்ற குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். 2002 பெட்ரோலிய விதிகளின்படி மாவட்ட நிர்வாகம் தடையின்மைச் சான்று தர வேண்டும். அது கையெழுத்தாவதற்கு முன்பே ஆட்சேபனை அங்கே போய்ச் சேர வேண்டும். தொட்டியைப் புதைத்த பிறகு கத்திப் பயனில்லை.

எங்கள் ஆட்சேபனை மனுவோடு ஒரு வரைபடத்தையும் இணைத்தோம். காலனிப் பிள்ளைகள் நோட்டுத்தாளில் வரைந்தது அது. எந்த வீடு யாருடையது, அடிபம்பு எங்கே, பள்ளிக்கு எந்த வழி என்று எல்லாவற்றையும் குறித்திருந்தார்கள். "காலி மனை" என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

ஜெய் பீம்!