நிற்காமல் போனது கொலைக்குற்றமா?

போலீஸ் கைகாட்டியும் வண்டியை நிறுத்தாவிட்டால் என்ன தண்டனை? மோட்டார் வாகனச் சட்டம் 179-வது பிரிவுப்படி அதிகபட்சம் 2,000 ரூபாய் அபராதம். அவ்வளவுதான். ஆனால் சின்னசேலம் சாலையில் லாரியும் டாடா ஏஸும் ஓட்டிப் பிழைக்கும் எங்கள் பிள்ளைகள் பிடிபட்டால், "எந்த ஊர், எந்தத் தெரு?" என்பதே முதல் கேள்வி. காலனி என்று தெரிந்ததும் பணி செய்யவிடாமல் தடுத்தான், வண்டி ஏற்றிக் கொல்லப் பார்த்தான் என்று ஜாமீனில் வர முடியாத பிரிவுகள் வந்து சேரும்.

"தப்பு செய்யாதவன் ஏன் ஓடணும்?" என்கிறார்கள்.

நின்றவருக்கு என்ன ஆனது? 2021 ஜூன். கள்ளக்குறிச்சி பக்கம் போய்க் குடித்துவிட்டுத் திரும்பிய இடையப்பட்டி கடைக்காரர், பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில் மறித்தபோது நின்றார். சிறப்பு எஸ்.ஐ. லத்தியால் அடித்தார். மறுநாள் உயிர் போனது.

நிற்காதவருக்கு? 2018 மார்ச், திருச்சி துவாக்குடி. ஹெல்மெட் போடாதவரைத் துரத்திய இன்ஸ்பெக்டர் பைக்கை எட்டி உதைத்தார். பின்னால் இருந்த மனைவி இறந்தார்.

இரண்டிலும் அதிகாரிகள் கைதானார்கள். இவற்றைப் பார்த்த ஓட்டுநர் பயப்படாமல் என்ன செய்வான்? நிரபராதியும் பயந்து ஓடுவான், ஓடியது மட்டுமே குற்றத்துக்குச் சாட்சியாகாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே மட்ரு வழக்கில் சொல்லிவிட்டது.

நிற்காததற்கு அபராதம் போடுங்கள், கட்டுகிறோம். கொல்லப் பார்த்தான் என்றால் கேமரா பதிவை நீதிமன்றத்தில் வையுங்கள். பதிவு இல்லையா, அந்தப் பிரிவை எடுங்கள். பயந்தது குற்றமென்றால், பயமுறுத்தியவர்கள் மேல் முதலில் வழக்குப் போடுங்கள்.