கூட்டத்தின் குணம் யார் கையில்?

“இரவு விடுதிகள் எல்லாம் ஒன்றே, அங்கு ஒலிப்பது இசையன்று, இரைச்சலே, அங்கு கூடுவோர் குடித்துக் கூத்தடிக்கும் கும்பலே” என்று ஒரே மூச்சில் தீர்ப்புக் கூறிவிடுவோர் எந்த நாட்டிலும் உளர். பிள்ளைகளை இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பேர்லினுக்கும் அனுப்பிவைத்த நம்மவர்களிடையேயும் அத்தகையோருக்குக் குறைவில்லை. தீர்ப்பு எளிது, விசாரணைதான் நடக்கவில்லை.

மின்னியற் கருவிகளால் ஆக்கப்படும் இசை இன்று உலகின் பெருநகரங்கள் அனைத்திலும் இரவு முழுவதும் ஒலிக்கிறது. ஆயின், அவ்விசை ஒலிக்கும் களங்களோ ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. ஓரிடத்தில் அந்நியர் தோழராகின்றனர். வேறோரிடத்தில் தோழராக வந்தோர் வெறும் வேடிக்கை பார்ப்போராகின்றனர். இன்னோரிடத்தில் அதே கூடத்துக்குள் துப்பாக்கி புகுந்துவிடுகிறது. ஒரே விதைநெல்லை மூன்று வயல்களில் விதைத்து மூன்று வகை விளைச்சல் கண்டால், உழவன் விதையை வைவானா, வயலைப் பார்ப்பானா?

கூட்டத்தின் குணம் இசைக்குள் ஒளிந்திருப்பதுமன்று; கூடுவோரின் இரத்தத்தில் ஊறியதுமன்று. கதவைக் காப்பவர் யார், உள்ளே விலைபோவது எது, களம் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது, அரசு அதனை எக்கண் கொண்டு நோக்குகிறது என்னும் நான்கிலுமே அது தங்கியிருக்கிறது. இதுவே நமது கருத்து. சான்றுகளைக் காண்போம்.

விலக்கப்பட்டோரின் கூடம்

1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ‘வெயார்ஹவுஸ்’ என்னும் நடனக் கூடம் தொடங்கியது. பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் அங்கு இசைத்தட்டுகளைச் சுழற்றினார். வந்து கூடியோரிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தோருமான ஒருபாலீர்ப்பினர். நிறத்தால் ஒருமுறையும் இயல்பால் ஒருமுறையுமாக இருமுறை ஒதுக்கப்பட்டோர். நகரின் மற்றைய கதவுகள் தமக்குத் திறவாத காரணத்தால் அவர்கள் அக் கதவை நாடினர். ‘ஹவுஸ்’ என்று இன்று உலகம் அழைக்கும் இசைவகை அக் கூடத்தின் பெயரிலிருந்தே பெயர் பெற்றது. பின்னர், 1980இலும் 1983இலும் ஜப்பானிய நிறுவனமாகிய றோலண்ட் வெளியிட்ட 808, 909 என்னும் தாளப் பொறிகள் அவ்விசைக்கு முதுகெலும்பாயின. நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 வரையான சீரான அடிகள். அவற்றின்மீது குரலும் சுரமும். இவ்வளவே அதன் கட்டுமானம்.

அதே காலத்தில் நியூ யோர்க்கில் இயங்கிய ‘பரடைஸ் கராஜ்’ என்னும் கூடமும் நினைவுகூரத் தக்கது. லரி லெவான் இசை வழங்கிய அக் கூடம் 1987 வரை நிலைத்தது. அங்கு மது விற்கப்படவில்லை. உறுப்பினரும் அவர்தம் விருந்தினருமே அனுமதி பெற்றனர். போத்தலை விற்றுப் பிழைக்க வேண்டிய தேவை இல்லாத இடத்தில், விடியும்வரை ஆடுவதே வந்தவரின் வேலையாயிற்று.

இதே சிக்காகோவில் 1979 ஜூலை 12ஆம் நாள் நடந்ததையும் இங்கு ஒப்புநோக்குதல் வேண்டும். ஹவுஸ் இசைக்குத் தாயாகிய டிஸ்கோ இசையை வெறுத்தோர், இரு பேஸ்போல் ஆட்டங்களுக்கு இடைப்பட்ட வேளையில், கொமிஸ்கி விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர். பார்வையாளர் ஆயிரக்கணக்கில் மைதானத்துட் பாய்ந்தனர். அடுத்த ஆட்டம் நடைபெறவே இயலாதுபோயிற்று. நடன இசை கூட்டத்தைக் கெடுக்கிறது என்போர் இதற்கு என்ன விடை பகர்வர்? அன்று கலகம் விளைத்தது நடனக் கூட்டமன்று. நடனத்தைப் பகைத்த கூட்டம்!

ஒரே கூடம், இரு கூட்டம்

இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரில் 1982 மே மாதம் ‘ஹசியென்டா’ திறக்கப்பட்டது. ‘ஃபக்ரறி’ என்னும் இசைத்தட்டு நிறுவனமும் ‘நியூ ஓடர்’ என்னும் இசைக்குழுவும் அதற்கு உரிமை பூண்டிருந்தன. தொடக்கத்தில் அக் கூடம் பல இரவுகளில் வெறிச்சோடிக் கிடந்தது. சிக்காகோவினதும் டிட்றொயிற்றினதும் இசை வந்து சேர்ந்தது. 1988 கோடையில் கூடம் நிரம்பி வழிந்தது. தொழில்கள் நலிந்து, வேலையின்மை பெருகியிருந்த நகரம் அது. உதைபந்தாட்ட மைதானத்தில் எதிரெதிரே நின்று மோதிய இளைஞர் இங்கு தோளோடு தோள் சேர்த்து ஆடினர்.

அந்நேசத்தில் ‘எக்ஸ்ரசி’ என்னும் போதைக் குளிகைக்கும் பங்கிருந்தது. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. குளிகை உண்டோர் மதுவை நாடவில்லை, தண்ணீரே கேட்டனர். விடுதியின் மது வருவாய் சரிந்தது. சட்டத்துக்குப் புறம்பான அக் குளிகை வாணிபமோ நகரின் வன்முறைக் குழுக்களின் கைக்குட் சென்றது. வாணிபத்தைப் பிடிக்க விரும்பியோர் முதலில் கதவைப் பிடிக்க முனைந்தனர், வாயிற்காவலர் மிரட்டப்பட்டனர். 1989இல் குளிகை உண்ட பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். 1991 தொடக்கத்தில் வன்முறை காரணமாக விடுதி சில மாதங்கள் மூடப்பட்டது. 1997இல் அது முற்றாக மூடப்பட்டது. 2002இல் கட்டிடமும் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் அதே பெயருடன் குடியிருப்பு மாடிகள் நிற்கின்றன.

இக்கதை உணர்த்துவது யாது? 1988இலும் 1991இலும் கூடம் ஒன்றே, இசையும் பெரும்பாலும் ஒன்றே, நகரமும் ஒன்றே. மாறியது கதவின் ஆட்சி. கதவு கைமாறிய அன்று கூட்டத்தின் முகமும் மாறிற்று.

வாயிலும் கமராவும்

இனிப் பேர்லினுக்குச் செல்வோம். 1989 நவெம்பரில் அந்நகரைப் பிளந்துநின்ற மதில் வீழ்ந்தது. கிழக்கிலே உரிமையாளர் இன்னாரெனத் தெரியாத கட்டிடங்கள் பல வெறுமையாய்க் கிடந்தன. அவற்றுள் ஒன்று, வேர்ட்ஹைம் என்னும் பழைய பேரங்காடியின் நிலவறைப் பெட்டகம். 1991 மார்ச்சில் அங்கு ‘ட்றெசோர்’ தொடங்கியது. துருவேறிய இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே, தாழ்ந்த கூரையின் கீழ், கிழக்கின் இளைஞரும் மேற்கின் இளைஞரும் ஒன்றாய் ஆடினர். இரு அரசுகள் ஒன்றாகிய செய்தி பத்திரிகையில் வந்தது. இரு மக்கள் ஒன்றாகிய செய்தி இத்தகைய நிலவறைகளிலும் எழுதப்பட்டது. மேற்குப் பேர்லினில் 1949இலேயே விடுதிகள் மூடும் நேரக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருந்தமையும் இப் பண்பாட்டுக்குத் துணைநின்றது. நள்ளிரவு கடந்ததும் எல்லோரையும் ஒரே வேளையில் தெருவில் தள்ளும் நகரில், மக்கள் அவசரமாய்க் குடிப்பர், அவசரமாய்ச் சண்டையிடுவர். நேரம் தாராளமாயுள்ள நகரில் கூட்டம் சிறிது சிறிதாய்ச் சேர்ந்து, சிறிது சிறிதாய்க் கலையும்.

2004இல் ஒரு பழைய மின்னிலையத்தில் திறக்கப்பட்ட ‘பேர்க்ஹைன்’ விடுதி வேறொரு பாடம் புகட்டுகிறது. அங்கு நுழைவோரின் கைத்தொலைபேசிக் கமராவின்மீது ஒட்டுத்துண்டு ஒட்டப்படுகிறது. உள்ளே படம் பிடித்தல் ஆகாது. நாளை இப்படம் எவர் கையிற் சிக்குமோ என்னும் அச்சம் நீங்கிய மனிதன் வேறு மனிதனாகிறான். ஆயின், அவ்விடுதியின் வாயிலில் காரணம் கூறாமலே பலர் திருப்பி அனுப்பப்படுகின்றனர். உள்ளிருப்போரின் சுதந்திரத்துக்கு வெளியே நிற்போரின் அவமதிப்பே விலையாகிறது. அதனை நாம் முற்றாக ஏற்பதற்கில்லை. ஒதுக்கப்பட்டோர் உண்டாக்கிய கலைக்கு, ஒதுக்குவதே காவல் ஆகிவிடலாகாது.

மேசைக்கு ஒரு விலை

பேர்லினின் எதிர்முனையில் நிற்பது அமெரிக்காவின் லாஸ் வேகாஸ். அங்குள்ள சூதாட்ட மாளிகைகளின் பெருவிடுதிகளில் ஆடுதளத்தைச் சூழ மேசைகள் இடப்பட்டிருக்கும். ஒரு மேசைக்கும் அதன்மேல் வந்து நிற்கும் போத்தல்களுக்கும் பல்லாயிரம் டொலர் கொடுப்போரும் உண்டு. தளத்தின் நடுவிடம் ஆடுவோனுக்கன்றிச் செலவழிப்போனுக்கு உரியதாகிறது. போத்தல் வரும்போது தீப்பொறி பறக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கின்றனர். இசை வழங்குபவர் மேடைமேல் தெய்வம்போல் நிற்க, ஆயிரம் கைகள் ஆயிரம் கைத்தொலைபேசிகளை உயர்த்துகின்றன. ஆடவந்த கூட்டம் பார்க்கவந்த கூட்டமாகிவிடுகிறது. அங்கும் அதே பொறிகள், அதே நான்கடித் தாளம். தாளம் என்ன செய்யும்? விற்பனைக்கு வந்தது ஆட்டமன்று, அந்தஸ்து. விற்பனைக்கு ஏற்றவாறே சந்தையும் அமையும்.

இசைக்குப் பங்கே இல்லையா?

இசைக்கும் பங்குண்டு, நாம் மறுக்கவில்லை. 1999இல் இலண்டனில் திறக்கப்பட்ட ‘ஃபப்ரிக்’ விடுதி நெடுங்காலம் வெள்ளிக்கிழமையை ஒருவகை இசைக்கும் சனிக்கிழமையை மற்றொரு வகைக்கும் ஒதுக்கியிருந்தது. வெள்ளியன்று ‘டிறம் அன்ட் பேஸ்’ போன்ற இசை. நிமிடத்துக்கு 170ஐத் தாண்டும் வேகம். ஒலிவாங்கியுடன் ஒருவர் கூட்டத்தை விளித்துக்கொண்டே இருப்பார்; பாடல் பிடித்துவிட்டால் கூட்டம் ஆரவாரித்து அதனை மீண்டும் தொடக்கத்திலிருந்து ஒலிக்கச் செய்யும். யமேக்காவிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த வழக்கம் அது. சனியன்று ஹவுஸ், டெக்னோ. அங்கு பாடலுக்குப் பாடல் இடைவெளியே இல்லை. ஆடுவோர் கண்மூடித் தத்தம் உள்ளத்துள் மூழ்குவர். ஒன்றில் கூட்டம் பேசுகிறது. மற்றொன்றில் கூட்டம் கேட்கிறது. ஒன்றை முரட்டுத்தனம் என்றும் மற்றதை நாகரிகம் என்றும் வெளியில் நிற்பவன் எண்ணக்கூடும். அது அறியாமை. இசை வகுப்பது அசைவின் வேகத்தை, ஒழுக்கத்தையன்று. நாதசுவரக் கச்சேரியில் தலையசைப்பவனும் காவடிக்கு ஆடுபவனும் பக்தியிற் குறைந்தவரோ?

அரசின் கண்

இந்த அறியாமை ஒரு தனிமனிதனிடம் இருப்பின் கேடு சிறிது. அரசிடம் குடிகொண்டால் அது சட்டமாகிறது. 1994இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் நீதிச் சட்டம், இரவில் திறந்தவெளியில் நூறு பேர் கூடி ஒலிபெருக்கி இசை கேட்பதைக் கலைக்கப் பொலிசாருக்கு அதிகாரம் அளித்தது. ‘அடுத்தடுத்து மீள ஒலிக்கும் தாள அடிகள்’ இசையின் இயல்பு என்று அச் சட்டமே வரையறை கூறிற்று. ஒரு தாளத்தைச் சட்டப் புத்தகத்திற் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய விந்தை அது! 2003இல் நூறு என்பது இருபது ஆக்கப்பட்டது.

2005இல் இலண்டன் மாநகரப் பொலிசார் 696ஆம் இலக்கப் படிவத்தைக் கொண்டுவந்தனர். இசை நிகழ்ச்சி நடத்துவோர் எவ்வகை இசை என்பதையும், தொடக்கத்தில் எந்த இனத்தவர் வருவர் என்பதையும் அதில் எழுத வேண்டியிருந்தது. இனம் பற்றிய வினா சில ஆண்டுகளில் நீக்கப்பட்டது. படிவமோ 2017 நவெம்பர் வரை நீடித்தது. கறுப்பின இளைஞரின் இசை ஒலிக்கும் இரவுகளையே அது குறிவைத்தது என்னும் முறைப்பாடு ஓயவில்லை. கதவையும் களத்தையும் ஆராயாது, வருவோரின் தோலை ஆராய்வது பாதுகாப்பாகுமா? ஒரு கூட்டம் எம்மொழி பேசுகிறது, எவ்வினத்தது என்பதைக் கொண்டே அதன் நோக்கத்தைத் தீர்மானிக்கும் ஆட்சிமுறையின் கசப்பை நம் வாசகருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2016இல் இரு இளைஞரின் போதைப்பொருள் மரணத்தை அடுத்து ஃபப்ரிக் விடுதியின் உரிமம் பறிக்கப்பட்டது. மரணம் அற்பமானதன்று, பெற்றோரின் துயரை அளக்க எவராலும் இயலாது. ஆனால், மூடிய கதவுக்குப் பின் கூட்டம் மறைந்துவிடுவதில்லை. மருத்துவ உதவியோ மேற்பார்வையோ இல்லாத மறைவிடங்களுக்கே செல்கிறது. கடும் நிபந்தனைகளுடன் 2017 ஜனவரியில் அவ்விடுதி மீளத் திறக்கப்பட்டது. தண்டனையைவிட ஒழுங்கே பயனுடையது என்பதை அதிகாரிகளும் ஈற்றில் ஏற்றனர்.

ஜோர்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. 2018 மே 12ஆம் நாள் அதிகாலை, உதைபந்தாட்ட அரங்கொன்றின் கீழுள்ள ‘பசியானி’ விடுதியுள் ஆயுதந் தாங்கிய பொலிசார் புகுந்தனர். கூட்டம் என்ன செய்தது? கல்லெறியவில்லை. பாராளுமன்றத்தின் முன் திரண்டு, ஒலிபெருக்கிகளை நிறுத்தி, ஆடத் தொடங்கியது. மறுநாள் உள்நாட்டு அமைச்சரே மன்னிப்புக் கோரினார். ஒரு நிலவறையில் ஒருவரையொருவர் மதிக்கப் பழகிய கூட்டம், வெளியே வந்தபோதும் அப் பழக்கத்தை மறக்கவில்லை.

ஜேர்மனியோ வேறு வழியிற் சென்றது. டெக்னோ இரவுகளையும் இசை நிகழ்ச்சிகளாகக் கொண்டு குறைந்த வரி விதிக்கலாம் என 2020இல் அந்நாட்டின் உயர் நிதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் பேர்லினின் டெக்னோப் பண்பாடு ஜேர்மனியின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரே தாளத்தை ஓர் அரசு குற்றமாய்க் கண்டது. மற்றோர் அரசு செல்வமாய்க் கண்டது.

ஆதலின், பிற நாடுகளில் வாழும் நம் இளைஞர் இரவில் எங்கு செல்கின்றனர் என்று கவலையுறும் பெற்றோர், “என்ன இசை?” என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அங்கு கதவைக் காப்பவர் நேர்மையானவரா? தண்ணீர் இலகுவிற் கிடைக்கிறதா? ஒரு பெண் தனித்து நின்று ஆடமுடியுமா? ஒருவன் மயங்கி விழுந்தால் அவனைத் தூக்குவோர் உண்டா? இவையே கேட்கத்தக்க வினாக்கள். அரசுகளும் இவற்றையே கேட்டல் வேண்டும். கூட்டம் என்பது இயற்கையின் சீற்றமன்று, அஞ்சி ஒதுங்குவதற்கு. அது பயிர், பாத்தி கட்டுவோரின் கையிலேயே அதன் விளைச்சல் இருக்கிறது.