கீரைக்கு விளக்கேற்றும் முன் ஒரு கணக்கு

ஒரு கிலோ லெட்டூஸ் கீரையை விளக்கொளியில் மட்டுமே வளர்க்க எவ்வளவு மின்சாரம் தேவை? வகுப்பில் சில நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். “கைப்பேசியை நான்கைந்து முறை மின்னேற்றும் அளவு இருக்கும்” என்றார் ஒருவர். “ஒருநாள் மின்விசிறி ஓடும் அளவு” என்றார் மற்றொருவர். ஆனால், நான்கறை வீவக வீடு ஒன்று ஒரு நாள் முழுவதும் பயன்படுத்தும் மின்சாரத்திற்கு நெருங்கிய அளவு அதற்குத் தேவைப்படுகிறது.

இந்த விடையை நீங்கள் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உயர்நிலைப் பள்ளி இயற்பியல் தெரிந்தால் நீங்களே கணக்கிடலாம். அந்தக் கணக்கைப் போடாமல் உட்புற அடுக்குப் பண்ணைகளைப் புகழ்வதும் தவறு, இகழ்வதும் தவறு என்பதே என் கருத்து.

முதலில், இது ஏன் நம் தலைமுறைக்கு முக்கியம் என்று பார்ப்போம். சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் நமது ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே உற்பத்தி செய்யும் ஆற்றலைப் பெற வேண்டும் என்ற ‘30க்குள் 30’ இலக்கு 2019ல் அறிவிக்கப்பட்டது. அப்போது நான் தொடக்கப்பள்ளியின் இறுதி ஆண்டில் இருந்தேன். ஊதா நிற ஒளியில் மின்னும் கீரை அடுக்குகளின் படங்கள் பாடப் பயிற்சித் தாள்களிலும் பள்ளிச் சுவரொட்டிகளிலும் இருந்தன. எதிர்காலம் இப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். என் வயதினர் சிலர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பாடம் தேர்ந்தெடுத்தபோதுகூட அந்தப் படம் மனத்தில் இருந்தது.

2025 நவம்பரில் அந்த இலக்கு மாற்றப்பட்டது. இப்போதைய இலக்கின்படி, 2035க்குள் நாம் உண்ணும் நார்ச்சத்து வகை உணவில் 20 விழுக்காடும் புரத வகையில் 30 விழுக்காடும் உள்ளூரில் விளைய வேண்டும். 2024ல் உள்ளூர்ப் பண்ணைகள் நார்ச்சத்து வகையில் சுமார் 8 விழுக்காட்டையும் புரதத்தில் சுமார் 26 விழுக்காட்டையும் தந்தன. புரத வகை இலக்கை நெருங்கிவிட்டது. காய்கறிதான் பின்தங்கியிருக்கிறது. அது ஏன் என்பதற்கு ஒளியைப் பற்றிய கணக்கு ஒரு பெரிய விளக்கம் தருகிறது.

கணக்கைப் போடுவோம்

செடிக்கு ஒளி என்பது ஒளித்துகள்களின் எண்ணிக்கை. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் ஈர்ப்பதால்தான் பல பண்ணைகளில் இவ்விரு நிற விளக்குகளைச் சேர்த்து எரிக்கிறார்கள். நாம் பார்க்கும் ஊதா நிறம் அப்படி வருவதுதான்.

லெட்டூஸ் நன்றாக வளர, ஒரு சதுர மீட்டரில் வினாடிக்கு 200 மைக்ரோமோல் ஒளித்துகள் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 16 மணிநேரம் விளக்கெரிந்தால் மொத்தம் சுமார் 11.5 மோல். இன்றைய நல்ல எல்இடி விளக்கு ஒரு ஜூல் மின்சாரத்திற்கு சுமார் 3 மைக்ரோமோல் தரும். வகுத்துப் பார்த்தால், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3.8 மெகாஜூல், அதாவது ஒரு கிலோவாட்மணியைச் சற்றே தாண்டுகிறது. 30 நாள் வளர்த்தால் சுமார் 32 கிலோவாட்மணி. அந்த ஒரு சதுர மீட்டரில் 3 கிலோ கீரை கிடைத்தால், கிலோவுக்கு 10 முதல் 11 கிலோவாட்மணி ஆகிறது.

வீட்டு மின்கட்டணம் கிலோவாட்மணிக்கு ஏறக்குறைய 30 காசு. அந்த விலையில் பார்த்தால், ஒரு கிலோ கீரைக்கு விளக்குக்கு மட்டும் மூன்று வெள்ளிக்கு மேல் செலவாகிறது. விளக்கின் மின்சாரம் கடைசியில் வெப்பமாகவே மாறுவதால், அதை வெளியேற்றக் குளிரூட்டியும் ஓட வேண்டும். வாடகை, சம்பளம், விதை, உரம், பொட்டலம் எல்லாம் அதற்கு மேல். ஈரச்சந்தையில் மலேசியக் கீரையை வாங்கிப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்கள் இந்த விலையை ஏன் ஏற்பதில்லை என்று கேட்கவே வேண்டாம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு கிலோ லெட்டூஸில் இருக்கும் உணவுச் சக்தி சுமார் 150 கிலோகலோரி. அது 0.17 கிலோவாட்மணிக்குச் சமம். 10 கிலோவாட்மணி கொடுத்து 0.17 பெறுகிறோம். லெட்டூஸில் 95 விழுக்காடு தண்ணீர் என்பதால்தான் இந்த அளவிலாவது முடிகிறது. அரிசியையோ உருளைக்கிழங்கையோ இப்படி வளர்த்து விற்க முயன்றால் கணக்கு இன்னும் மோசமாகும். அடுக்குப் பண்ணைகள் எல்லாம் கீரையையும் மூலிகையையும் சுற்றியே வருவதன் காரணம் இதுதான்.

எங்கிருந்து வருகிறது அந்த மின்சாரம்?

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அந்த எரிவாயு குழாய் வழியாக மலேசியாவிலிருந்தும் இந்தோனீசியாவிலிருந்தும், திரவ வடிவில் கப்பல் வழியாகப் பிற நாடுகளிலிருந்தும் வருகிறது. அப்படியானால், கீரை இறக்குமதியைக் குறைப்பதற்காக எரிவாயுவை இறக்குமதி செய்து, அதை எரித்து மின்சாரமாக்கி, மின்சாரத்தை ஒளியாக்கி, அந்த ஒளியில் கீரை வளர்க்கிறோம். நம் சார்பு ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு மாறுகிறது, அவ்வளவே. நம் மின்கட்டமைப்பில் ஒரு கிலோவாட்மணிக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்தக் கணக்கில் ஒரு கிலோ கீரையின் விளக்குக்கு மட்டும் 4 கிலோ.

“சூரியத் தகடு போட்டால் போகிறது” என்று உடனே தோன்றும். அதையும் கணக்கிடுவோம். இங்கே ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 4.5 கிலோவாட்மணி சூரிய சக்தி விழுகிறது. தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கினால் 0.9 கிலோவாட்மணி. அதாவது, ஒரு சதுர மீட்டர் தகட்டால் ஒரு சதுர மீட்டர் கீரை அடுக்குக்கே முழுதாக ஒளி தர முடியாது. பத்து அடுக்குப் பண்ணை என்றால், தரைப்பரப்பைப் போல் பத்து மடங்குக்கும் மேல் தகடு வேண்டும். அடுக்குப் பண்ணை நிலத்தை மிச்சப்படுத்துகிறது என்று சொல்லும்போது, மின்சாரத்துக்குத் தேவையான நிலத்தை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதே வெயில் நேரடியாகச் செடி மீது விழுந்தால், நாளொன்றுக்கு 30 மோலுக்கும் மேல் ஒளி கிடைக்கும். லெட்டூஸுக்குத் தேவையானதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதுவும் இலவசமாக!

தொழில்நுட்பம் வளர வளர இது சரியாகிவிடும் என்பார்கள். ஓரளவு சரியாகும். 2014ல் இயற்பியல் நோபெல் பரிசு பெற்ற நீல எல்இடி இல்லாமல் இந்தப் பண்ணைகளே இல்லை. ஆனால் இயற்கை ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மின்சாரம் துளியும் வீணாகாமல் சிவப்பு ஒளியாக மாறினாலும், ஒரு ஜூலுக்கு சுமார் 5.5 மைக்ரோமோல்தான் கிடைக்கும். நாம் ஏற்கெனவே பாதி தூரத்தைத் தாண்டிவிட்டோம். இனி இரண்டு மடங்கு முன்னேற்றம்கூடக் கிடைக்காது.

அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023லும் பிளென்ட்டி 2025லும் கடன் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றன. பௌரி ஃபார்மிங் 2024ல் செயல்பாட்டையே நிறுத்தியது. முதலீடும் திறமையும் அவற்றிடம் நிறையவே இருந்தன. மலிவான காய்கறியோடு போட்டியிட அவை போதவில்லை.

அப்படியானால் விளக்கை அணைத்துவிடலாமா?

கூடாது என்கிறேன். எதிர்த்தரப்பின் வாதத்தில் உண்மை இருக்கிறது. 2020ல் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தபோது நம் பேரங்காடிகளில் நின்ற வரிசைகளை மறக்க முடியாது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் பட்ட பாடும் நினைவிருக்கிறது. பருவமழை வெள்ளம் வந்தால் கீரை விலை ஏறுகிறது. உட்புறப் பண்ணைக்கு வெள்ளமும் இல்லை, பூச்சிமருந்தும் தேவையில்லை. வயலைவிட மிகக் குறைந்த தண்ணீர் போதும். காப்புறுதிக்குச் சந்தா கட்டுவதுபோல் இதற்கும் ஓரளவு செலவு செய்யலாம் என்பது நியாயமான பேச்சுதான்.

ஆனால், காப்புறுதி எடுப்பவர் சந்தா எவ்வளவு என்று கேட்பார் அல்லவா? அதைத்தான் நானும் கேட்கிறேன். பொதுப்பணத்தில் மானியம் பெறும் ஒவ்வொரு பண்ணையும், ஒரு கிலோ விளைச்சலுக்கு எத்தனை கிலோவாட்மணி செலவிட்டது என்பதை வெளியிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போதே அதன் மின்பயன்பாட்டு முத்திரையைப் பார்க்கிறோம். கீரைப் பொட்டலத்தில் மட்டும் ‘தூய்மையானது’, ‘பசுமையானது’ என்ற சொற்களோடு ஏன் திருப்தி அடைய வேண்டும்?

அடுத்து, ஒளியை எதற்குச் செலவிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். நாற்றங்காலுக்கு விளக்கு போடுவது பொருத்தமானது. ஒரு சதுர மீட்டரில் நூற்றுக்கணக்கான நாற்றுகள் நிற்கும்போது, ஒவ்வொரு செடியின் பங்குக்கு வரும் மின்சாரம் மிகக் குறைவு. பயிர் ஆராய்ச்சிக்கும் பொருத்தமானது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாளொன்றுக்கு 22 மணிநேரம் விளக்கெரித்து, ஓராண்டில் ஆறு தலைமுறைக் கோதுமை வரை வளர்த்துக் காட்டினார்கள். வெப்பம் தாங்கும் புதிய ரகங்களை விரைவில் உருவாக்க அது வழி. அங்கே செலவிடும் மின்சாரம் அறிவாகத் திரும்பி வருகிறது.

நெதர்லாந்தின் பசுமைக்குடில்களும் விளக்கு போடுகின்றன. ஆனால் அங்கே சூரிய ஒளிதான் முதல். குளிர்காலத்துக் குறையை நிரப்பவே விளக்கு. 2022ல் எரிவாயு விலை எகிறியபோது பல விவசாயிகள் அந்த விளக்குகளையும் அணைத்தார்கள். ஆண்டு முழுவதும் 12 மணிநேரம் பகல் உள்ள நாம், கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு விளக்கெரிப்பதைப் பற்றி இருமுறை யோசிக்க வேண்டும்.

நமக்கு வேறு வழியும் உண்டு. லிம் சூ காங்கில் 2012ல் செயல்படத் தொடங்கிய ஸ்கை கிரீன்ஸ் பண்ணையில், சுமார் 9 மீட்டர் உயர அடுக்குகள் நீரின் விசையால் மெல்லச் சுழன்று எல்லாச் செடிகளுக்கும் வெயிலைக் காட்டின. ஒரு கோபுரத்தைச் சுழற்றச் சாதாரண மின்விளக்கு ஒன்றுக்கான மின்சாரமே போதும் என்றார்கள். வீவக பலமாடி கார் நிறுத்துமிடங்களின் கூரைகளிலும் பண்ணைகள் வந்தன. தண்டுக்கீரை, கங்கோங், சாய் சிம் போன்றவை நம் வெப்பத்தைத் தாங்கும். குளிர்நாட்டு லெட்டூஸை மட்டுமே குறிவைக்காமல், நம் சமையலறையில் புழங்கும் கீரைகளுக்கு முன்னுரிமை தரலாம். புதிய இலக்கின் நார்ச்சத்து வகையில் காளானும், தாவ்கே என்று நாம் சொல்லும் முளைப்பயறும் சேர்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. முளைப்பயறு இருட்டிலேயே வளரும். அதற்கு ஊதா விளக்கும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம்.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள்

உட்புறப் பண்ணை ஒன்றில் நான் சில மாதங்கள் வேலைப் பயிற்சி செய்தேன். அங்கே இருந்தவர்கள் கடினமாக உழைத்தார்கள்; கீரையும் அருமையாக வளர்ந்தது. பிறகு அந்தப் பண்ணை மூடப்பட்டது. என்னோடு பயிற்சி பெற்ற ஒருவர், “மூன்று வருடம் படித்தது வீணா?” என்று கேட்டார். வீணில்லை என்றே நினைக்கிறேன். செடியின் தேவையை அளக்கத் தெரிந்தவர், உணர்கருவிகளைக் கையாளத் தெரிந்தவர், நீரையும் உரத்தையும் துல்லியமாகக் கொடுக்கத் தெரிந்தவர், வெயிலில் இயங்கும் பசுமைக்குடிலிலும் மீன் பண்ணையிலும் விதை ஆய்வகத்திலும் தேவைப்படுகிறார்.

ஆனால் அவருடைய கேள்விக்குப் பின்னால் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. அந்த ஏமாற்றம் உங்களுக்கு வரக்கூடாது. கல்லூரிப் பொது உபசரிப்புக்குப் போகும்போது, பளபளக்கும் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். “ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோவாட்மணி? அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது? மானியம் நின்றால் இந்தப் பண்ணை எத்தனை மாதம் தாங்கும்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் படியுங்கள், வேலை செய்யுங்கள். பதில் இல்லை என்றால், அதைக் கண்டுபிடிப்பதையே உங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தூய மின்சாரத்தை அண்டை நாடுகளிலிருந்து இறக்குமதி செய்யும் திட்டங்கள் நடந்துவருகின்றன. மின்சாரத்தின் விலையும் கரிம அளவும் குறைந்தால், நான் மேலே போட்ட கணக்கின் விடையும் மாறும். அன்று விளக்குகளைக் கூட்டலாம். 2035ல் நம்மில் பலர் முப்பதை நெருங்கிக்கொண்டிருப்போம். பண்ணைகளை நடத்துவதும், அவற்றுக்கு மானியம் தரலாமா என்று முடிவெடுப்பதும் நம்மில் சிலராகத்தான் இருப்பார்கள். கணக்கு போடும் பழக்கத்தை இப்போதே தொடங்குவோம்.