உண்ட பின் வரும் நடுக்கம்

நமது நெசவாளர் குடும்பங்களில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு குறையை இம்மாதம் அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம். காலை எட்டு மணிக்கு டீயும் பன்னுமோ, நான்கு இட்லியோ, ஒரு கும்பா கஞ்சியோ உண்டுவிட்டுத் தறியில் உட்காருகிறவருக்குப் பத்தரை, பதினொரு மணியளவில் கை நடுங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, அறுந்த இழையைப் பிடித்து முடிய இயலாதபடி கண் மங்குகிறது. உண்டு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஆயினும் கடும் பசி. உடனே இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீ வருகிறது. நடுக்கம் நிற்கிறது. பகல் ஒன்றரை மணிக்கு அது மறுபடியும் வருகிறது. மறுபடியும் டீ வருகிறது.

இதனைச் சிலர் பித்தம் என்கின்றனர். சிலர் இரத்தக் குறைவு என்கின்றனர். பலர் பலவீனம் என்று சொல்லி டானிக் வாங்குகின்றனர். இவர்களில் ஒரு சாராருக்கு உண்மைக் காரணம் வேறு. உண்ட உணவினாலேயே சற்று நேரங்கழித்து இரத்தத்திலுள்ள சர்க்கரை தாழ்ந்துபோகும் நிலை அது. மருத்துவர்கள் ‘ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா’ என்று இதனைக் குறிப்பிடுவர். இதற்குப் பரிகாரமென்று நாம் நினைக்கும் இனிப்பு டீயே இதன் அடுத்த சுற்றுக்கு வித்தாகிறது என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்பும் கருத்து.

இது நிகழும் விதம் அறியத்தக்கது. சர்க்கரை, மைதா, குழைந்த சோறு முதலியவை வயிற்றில் விரைவாகக் கரைந்து இரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடுகின்றன. அதனை இறக்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. ஏற்றம் செங்குத்தாக இருப்பின் சுரப்பும் அளவு மீறுவதுண்டு. சிலருக்கு அது காலந்தாழ்த்தும் வருகிறது. உணவு தீர்ந்த பின்னும் இன்சுலின் வேலை செய்துகொண்டிருப்பதால், இரண்டு முதல் நான்கு மணி நேரத்திற்குள் சர்க்கரை இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே போய்விடுகிறது. அதனைத் தூக்கி நிறுத்த உடல் அட்ரினலினை விடுகிறது. நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் அதன் வேலையே.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1921 இல் கனடாவின் டொரண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள், 1924 இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மருத்துவர் ஸீல் ஹாரிஸ், இன்சுலினே போட்டுக்கொள்ளாதவர்களிடமும் அது மிகுந்துபோனதற்குரிய குறிகள் தோன்றுவதை எடுத்து எழுதினார். 1936 இல் மிச்சிகனைச் சேர்ந்த ஜெரோம் கான் என்னும் மருத்துவர், இத்தகையோருக்குப் புரதம் மிகுந்து மாவுச்சத்துக் குறைந்த உணவே ஏற்றது என்று விளக்கினார். இன்றும் மருத்துவர்கள் முதலில் மாற்றச் சொல்வது உணவைத்தான்.

நிற்க. கை நடுங்குவதெல்லாம் இந்நோய் என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் களைப்பு, கவலை, தலைவலி அனைத்துக்கும் இப்பெயரையே சூட்டும் வழக்கம் பெருகிற்று. 1973 இல் அந்நாட்டு மருத்துவச் சங்கமும் நீரிழிவுச் சங்கமும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கமும் கூடி அறிக்கை விட்டு, இக்குறிகளைச் சொல்லி வருவோரில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை தாழ்வதில்லை என்று எச்சரிக்க நேர்ந்தது. 1938 இல் ஆலன் விப்பிள் என்ற அறுவை மருத்துவர் வகுத்த மூன்று அடையாளங்களே இன்றும் உரைகல்லாக உள்ளன: குறிகள் தோன்றவேண்டும், அவ்வேளையில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கவேண்டும், சர்க்கரை ஏறியதும் குறிகள் மறையவேண்டும். நீரிழிவு இல்லாதவர்களுக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழ் என்பதைத் தாழ்வாகக் கொள்வர். ஆதலின் நடுக்கம் வரும் அந்த வேளையிலேயே சோதித்துப் பார்ப்பது முக்கியம். காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சோதனையைக் கொண்டு மட்டும் இதனைக் கண்டுகொள்ள முடியாது.

மற்றுமோர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொள்பவருக்கு நடுக்கம் கண்டால் அது அபாயம். அவர் அப்பொழுதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் குடித்துவிட்டு மருத்துவரிடம் செல்லவேண்டும். மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றை மட்டும் குறைப்பது கேடு விளைவிக்கும். வெறும் வயிற்றில் மயக்கம் வருகிறவர்களும், இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லாமல் எதையும் மாற்றலாகாது. அன்றியும் உண்ட பின் வரும் தாழ்வு சிலருக்கு நீரிழிவின் முன்னறிவிப்பாக இருப்பதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவும் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்டோருக்கு அதன் முந்தைய நிலையும் உண்டெனக் கணக்கிட்டுள்ளது. ஆகவே இந்த நடுக்கத்தை அலட்சியம் செய்வதற்கில்லை.

இனி உணவைப் பற்றிக் கூறுவோம். சோற்றை அறவே விடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. தட்டின் கணக்கை மாற்றுங்கள் என்றே சொல்லுகிறோம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றுள் ஏதேனும். எஞ்சிய கால் பங்கே சோறு. முதலில் காயையும் பருப்பையும் உண்டு பிறகு சோற்றை உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இருவேளை உணவுக்கு நடுவே பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் பதிலாக ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை போதும். முப்பது கிராம் கடலையில் ஏறத்தாழ ஏழு கிராம் புரதம் இருக்கிறது.

சோற்றுக்குப் பதில் கம்பும் கேழ்வரகும் உண்டால் போதுமென்று நினைப்பவர்கள் உண்டு. முழுத் தானியத்தில் நார்ச்சத்து மிகுதி என்பது மெய். ஆனால் அதனை மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி இரண்டு செம்பு குடித்தால் சர்க்கரை விரைவாகவே ஏறும். கருப்பட்டியும் வெல்லமும் தேனும் சர்க்கரைக்கு விலக்கு என்ற எண்ணமும் சரியன்று. கரும்பு பயிரிடும் நமது அங்கத்தினர்கள் இதனைக் கேட்டு வருந்தலாம். அவர்களுடைய உழைப்பை நாம் குறைவாக மதிக்கவில்லை. ஆயினும் அவர்களுடைய வீட்டாரின் உடல்நலமும் நமக்கு ஒரு பொருட்டே.

டீயின் கணக்கையும் பார்ப்போம். ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது பத்துக் கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு ஆறு டீயென்றால் அறுபது கிராம். மாதத்தில் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015 இல், சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு இருபத்தைந்து கிராம் அளவில் நிற்பது நல்லதென்று கூறிற்று. கடையில் சர்க்கரையில்லாத டீக்கு விலை குறைவதில்லை என்பது உண்மையே. ஆனால் ஆறு டீயை மூன்றாக்கினால் மிஞ்சும் காசுக்குக் கடலை வாங்கலாம். ஏழைக்குப் பருப்பும் முட்டையும் எட்டுமா என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்லும் விடையின் முதற்பாதி இதுவே. மறுபாதி சங்கத்தின் கையில் இருக்கிறது; அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

உணவுக்கு அடுத்தது உடலசைவு. குழித்தறியில் மிதியை மிதித்துக்கொண்டேயிருப்பவருக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். அவர் காலை அசைத்தாலும் நாள் முழுதும் இருந்த இடத்திலேயே இருக்கிறார். உண்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. ஏற்றம் தணிகிறது, ஆகவே இறக்கமும் தணிகிறது. தெருக்கோடி வரை இருமுறை போய் வந்தால் இது நிறைவேறிவிடும். நிலத்தில் பாடுபடுவோருக்குச் சொல்லவேண்டியது வேறு. அவர்களுக்கு உழைப்புக்குக் குறைவில்லை. வெறும் டீயோடு விடியலில் வயலுக்குப் போய் வெயிலேறும் வரை உண்ணாதிருப்பதுதான் குறை. கடும் உழைப்புக்கு முன் பருப்போ கடலையோ சேர்ந்த உணவு அவர்களுக்கு அவசியம்.

மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவர், தறியை விட்டு எழுந்தால் கூலி போகும் என்று அஞ்சுவது இயல்பே. ஆனால் நடுங்கும் கையால் நெய்த துணியில் குற்றம் விழுகிறது. குற்றத்துக்குக் கூலியில் பிடித்தம் வருகிறது. விசைத்தறியின் ஓடும் பெல்ட்டுக்கு அருகிலும் கிணற்று மேட்டிலும் ஒரு நொடி தலைசுற்றினால் இழப்பு கூலியோடு நில்லாது. பத்து நிமிட நடை அதனைவிட மலிவு.

சங்கங்கள் செய்யக்கூடியவை மூன்று என்று கருதுகிறோம். முதலாவது, துணி ஒப்படைக்கும் நாளிலும் மகாசபை நாளிலும் வழங்கும் மைசூர்பாகுக்கும் இனிப்பு டீக்கும் பதிலாகச் சுண்டலும் மோரும் வழங்கலாம். இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, அங்கத்தினர்களுக்கு இரத்தச் சர்க்கரைச் சோதனை நடத்தலாம். மூன்றாவதே முக்கியம். உளுந்தும் துவரையும் கொள்ளும் நிலக்கடலையும் விளைவிப்போர் நம்மில் ஒரு சாரார். அவற்றை உண்ணவேண்டியோர் மறுசாரார். இருவரும் ஒரே இயக்கத்தில் இருந்தும், நடுவில் தரகரும் கமிஷன் மண்டியும் நிற்பானேன்? விவசாயிகள் சங்கம் அறுவடைக் காலத்தில் நேரே அளிக்க, நெசவாளர் சங்கப் பண்டகசாலை அதனை வாங்கி வைத்து, கூலியில் தவணையாகப் பிடித்துக்கொண்டு வழங்கலாம். விளைவித்தவருக்கு நல்ல விலை. நெய்பவருக்கு எட்டும் விலை. கூட்டுறவின் பொருள் இதனினும் வேறென்ன?

வரும் மகாசபைக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு சங்கமாவது இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரும் என்று நம்புகிறோம். அதுவரை, பதினொரு மணிக்குக் கை நடுங்கும் அங்கத்தினர் அது வரும் நேரத்தையும் முன்னர் உண்டது இன்னதென்பதையும் ஒரு வாரம் குறித்து வைத்து, அக்குறிப்போடு மருத்துவரைப் போய்க் காண்பாராக.